டேப்லெட்டில் இசைக்க எந்த ஸ்பீக்கர்? புளூடூத், மானிட்டர், பேட்டரி ஆம்ப் ஆகியவற்றின் ஒப்பீடு

பாட்டுக் கேட்பதற்கு வாங்கிய ஸ்பீக்கரையே வாசிப்பதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் டேப்லெட்டில் இசைக்கத் தொடங்கும் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்கும்போது பாட்டு ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. அது கால் நொடி பிந்தி வந்தாலும் கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை. வாசிக்கும்போதோ விரல் திரையைத் தொட்ட கணமும் ஒலி காதில் விழும் கணமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். 2011-இல் ஐபேடுக்குக் கேரேஜ்பேண்ட் என்ற இசைச் செயலி வந்தது முதல் இந்தக் கண்ணாடிப் பலகை ஒரு வாத்தியமாகவே மாறிவிட்டது. ஜியோஷ்ரெட் செயலியில் விரலை இழுத்துக் கமகம் பிடித்துக் கர்நாடக இசையையே வாசிக்கிறார் மகேஷ் ராகவன். ஆனால் வாத்தியத்துக்கு ஏற்ற குரலைத் தேடிக் கடைக்குப் போனால் அங்கே வாட் கணக்கும் வண்ண விளக்குகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

எடுத்துச் செல்லக்கூடியவை என்று பார்த்தால் மூன்று வகைகள் போட்டிக்கு வருகின்றன. முதலாவது, எல்லார் வீட்டிலும் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர். இரண்டாவது, மேசைமேல் வைக்கும் சிறிய மானிட்டர் ஜோடி, அதாவது ஒலியை அழகுபடுத்தாமல் உள்ளபடி காட்டும் இரு ஸ்பீக்கர்கள். மூன்றாவது, கிட்டார்க்காரர்களும் தெருவில் பாடுவோரும் தூக்கிச் செல்லும் பேட்டரி ஆம்ப், அதாவது ஸ்பீக்கரோடு சேர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டி. இவற்றை ஒப்பிடும்முன் தாமதம் என்ற ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தத் தேர்வில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. நம்மிடமிருந்து 3.4 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி 10 மில்லிநொடி கழித்துத்தான் காதுக்கு வருகிறது; அதை எந்த வித்வானும் பொருட்படுத்துவதில்லை. ஐபேடுக்குள் ஒலியைத் துண்டுதுண்டாகத் தயாரிக்கும் பஃபர் 256 மாதிரிகள் அளவில் இருந்தால் அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 6 மில்லிநொடி. இதுவும் ஒரு பொருட்டல்ல. ஆனால் புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, வாங்கி, விரித்து, இடையில் அறுந்துவிடாதபடி கொஞ்சம் சேமித்தும் வைக்க வேண்டியிருப்பதால் 150 முதல் 250 மில்லிநொடி வரை பிந்துவது வெகு சாதாரணம். 200 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், ஸ்பீக்கரை 68 மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு இங்கிருந்து வாசிப்பதற்கு அது சமம். நிமிடத்துக்கு 80 தட்டு வரும் காலப்பிரமாணத்தில் தட்டுக்கு நான்கு எழுத்தாகத் 'தகதிமி' வாசித்தால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 187 மில்லிநொடிதான். விரல் 'க' என்று தட்டி முடித்த பிறகே காதில் 'த' விழுகிறது. இதை வைத்துக்கொண்டு லயம் பிடிப்பது ஆகாத காரியம்.

படம் பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரிவதில்லையே என்று கேட்கலாம். வீடியோ செயலி படத்தை அதே அளவு பிந்தவைத்து உதட்டசைவோடு ஒலியைப் பொருத்திவிடுகிறது. நம் விரலைப் பிந்தவைக்க அதற்கு வழியில்லை. அட்டைப்பெட்டியில் 'குறைந்த தாமதம்' என்று அச்சிட்டிருப்பதையும் நம்பிவிட வேண்டாம். அந்தப் பெயரில் விற்கும் ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்ஸி முறை தாமதத்தைச் சுமார் 40 மில்லிநொடிக்குக் கொண்டுவருவது உண்மைதான் என்றாலும், அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அதை அறிந்திருந்தால்தான் அது வேலை செய்யும்; ஐபேடோ எஸ்பிசி, ஏஏசி ஆகிய முறைகளில்தான் ஒலியை அனுப்புகிறது. வைஃபை வழியே ஒலியை அனுப்பும் ஆப்பிளின் பழைய ஏர்பிளே இதைவிட மோசம், அதில் தாமதம் ஏறக்குறைய 2 நொடி.

ஆகவே முதல் வகையில் நாம் தேட வேண்டியது வயர் குத்தும் துளை உள்ள ஸ்பீக்கரைத்தான். வருத்தம் என்னவென்றால், நிறுவனங்கள் அந்தத் துளையை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. ஜேபிஎல் ஃபிளிப் 4-இல் இருந்த 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை ஃபிளிப் 5-இல் இல்லை. சார்ஜ் 4-இல் இருந்தது சார்ஜ் 5-இல் இல்லை. கைக்குள் அடங்கும் கோ 3-இலும் கிடையாது. அண்மையில் வந்த ஃபிளிப் 7, சார்ஜ் 6 இரண்டும் யுஎஸ்பி-சி வழியே ஒலியை வாங்கிக்கொள்வதால் வயர் வேறு உருவில் திரும்பியிருக்கிறது எனலாம். இருந்தாலும் வயர் குத்திவிட்டதாலேயே தாமதம் முழுதும் போய்விடும் என்றில்லை. சில ஸ்பீக்கர்கள் உள்ளே வரும் ஒலியை மறுபடி எண்களாக்கி, பேஸ் எனப்படும் கீழ் ஒலியைக் கூட்டிக் குறைத்து, பிறகே வெளியே விடுகின்றன. அந்தச் சமையலுக்கும் சில மில்லிநொடிகள் ஆகும். கடையில் ஒரு நிமிடம் டிரம் தட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அடுத்தது கீழ்ஸ்தாயி. கோ 3-இன் ஒலி 110 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஃபிளிப் 6 அளவுள்ளது 63 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு நடு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ். அப்படியானால் கோ 3-இல் சுருதிச் செயலியைப் போட்டால் மந்தர ஷட்ஜம் காணாமல் போக வேண்டுமல்லவா? போவதில்லை. தம்புராவின் நாதத்தில் அடிச்சுரத்தின் மடங்குகளான மேல்வரிசைச் சுரங்கள் நிறைந்து கிடப்பதால், அவற்றின் இடைவெளியைக் கொண்டே காது அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கமகத்தோடு வாசிக்கும் ராக வரிகளுக்கும் இந்தச் சின்ன ஸ்பீக்கர் போதும். சிக்கல் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியிலும் சிந்தசைசரின் ஆழமான பேஸிலும்தான் வருகிறது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதையே மேல்வரிசை இல்லாத வெறும் சைன் அலையாகச் சிந்தசைசரில் எழுப்பினால் காது ஊகிக்க ஒரு துப்பும் கிடைக்காது. கேட்கவில்லையே என்று நாம் அதன் ஒலியளவை ஏற்றிவைப்போம். அதே பாட்டைக் காரில் போட்டால் கண்ணாடிகள் அதிரும்.

இதைவிட மறைவான இன்னொரு குறையும் உண்டு. சிறிய புளூடூத் ஸ்பீக்கர்கள் ஒலியளவுக்கு ஏற்பத் தம் குணத்தை மாற்றிக்கொள்கின்றன. மெல்ல வைத்தால் பேஸைத் தூக்கிக் காட்டும். சத்தத்தைக் கூட்டினால் கூம்பு கிழிந்துவிடாதிருக்கப் பேஸை அடக்கும். கேட்பவருக்கு இது வசதி. இசையமைப்பவருக்கோ, காலையில் சரியாக இருந்த ஒலிக் கலவை மாலையில் வேறாகத் தெரியக் காரணமே இதுதான். போதாக்குறைக்கு இவற்றில் பல ஒற்றைத் தடத்தில்தான் ஒலிக்கின்றன. இடத்தில் வைத்த வீணையும் வலத்தில் வைத்த கடமும் ஒரே துளையிலிருந்து வரும். என்னிடம் இருந்த ஒரு ஸ்பீக்கருக்கு (அதன் பெயர் இங்கே வேண்டாம்) இன்னொரு பழக்கமும் இருந்தது: சில நொடி மௌனம் வந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த அது கண்ணயர்ந்துவிடும். ஆலாபனையில் விட்ட இடைவெளிக்குப் பிறகு எடுக்கும் பிடியின் முதல் சுரம் ஒவ்வொரு முறையும் விழுங்கப்பட்டது. ஆலாபனையில் மௌனமும் சேர்த்தி என்பது அதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது வகையான மானிட்டர் ஜோடியில், தூக்கிச் செல்லத்தக்கது என்று நான் தயங்காமல் சொல்வது ஐகே மல்ட்டிமீடியாவின் ஐலவுட் மைக்ரோ மானிட்டர். ஒவ்வொன்றிலும் கீழ் ஒலிக்கு 3 அங்குல வூஃபர், அதன் மேல் உச்ச ஒலிக்குத் தனி ட்வீட்டர், ஜோடிக்கும் சேர்த்து 50 வாட். இரண்டும் சேர்ந்தே 2 கிலோவுக்குள்தான் இருக்கும். 55 ஹெர்ட்ஸ் வரை உண்மையாக இறங்குகிறது, அந்த அளவுக்கு அது வியப்புதான். இதோடு ஒப்பிட்டால் பிரிசோனஸ் ஈரிஸ் இ3.5 உருவில் பெரியது, இருந்தும் 80 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மேசையைவிட்டு நகராதவருக்கு ஈரிஸ் ஒரு நல்ல சிக்கனம்; பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகிறவருக்கு ஐலவுட்தான். இவற்றின் குறை வெளிப்படையானது: சுவரில் பிளக் வேண்டும். மின்வெட்டு வந்தால் ஐபேட் விழித்திருக்கும், ஸ்பீக்கர் படுத்துவிடும். இதே நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த முதல் ஐலவுட் இந்தக் குறையில்லாதது. உள்ளே பேட்டரி, ஆக்ஸ் துளை, கிட்டாரையோ மைக்கையோ நேரே குத்தும் வசதி என்று டேப்லெட் இசைக்காகவே பிறந்தது போலிருந்தது. பழைய பொருளாகக் கிடைத்தால் பேட்டரியின் நிலையைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

மூன்றாவது வகையில் பெயர்கள் அதிகம், குழப்பமும் அதிகம். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் 3 வாட், ஒரு 5 அங்குலக் கூம்பு, ஆறு ஏஏ பேட்டரி. ஐபேடோடு ஒலியை வாங்கவும் கொடுக்கவும் தனித் துளையே அதில் உண்டு. ஆயினும் அது கிட்டாருக்கென்று செய்த ஆம்ப், ட்வீட்டர் கிடையாது. கிட்டாரின் ஒலிக்கு அந்த மழுங்கல் அழகு; அதிலேயே பியானோவையோ ஜால்ராவையோ விட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். யமஹா டிஎச்ஆர்10 இந்த வகையில் ஒரு படி மேல், ஏனென்றால் அதன் இரண்டு 8 செ.மீ. கூம்புகளும் முழு அலைவரிசைக்கானவை, ஆக்ஸில் வரும் இசை ஸ்டீரியோவாகத் தெளிவாகவே விரிகிறது. எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும்போது அதன் 10 வாட் 6 வாட்டாகக் குறையும். இந்தக் குறைவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை: வாட் இரு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபெல், காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்க 6 வாட் தாராளம். திறந்தவெளி வேறு கதை. அங்கே தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் கரைந்துபோகும், தாங்கிப் பிடிக்கச் சுவரும் இராது.

அதற்குத்தான் போஸ் எஸ்1 ப்ரோ போன்றவை. சுமார் 7 கிலோ எடை, 11 மணிநேரம் வரை தாங்கும் பேட்டரி, மூன்று தடங்கள். கோயில் வாசலிலோ மொட்டை மாடியிலோ முப்பது நாற்பது பேருக்கு வாசிக்க இது போதும். அறையில் தனியாக இசையமைக்க இதை வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுப்பது போன்றது. இதைப் பயன்படுத்துவோர் ஒரு பொறியை அறிந்திருக்க வேண்டும். இத்தகைய கருவிகளின் மைக், கிட்டார் துளைகள் சமன்செய்யப்பட்ட ஒற்றைத் தட வகை, அதாவது இரு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தையே ஒலியாக எடுப்பவை. ஐபேடின் ஸ்டீரியோ வயரை மூன்று பிரிவுள்ள முனையோடு அதில் நேரே குத்தினால் இடத் தடத்திலிருந்து வலத் தடம் கழிக்கப்பட்டு, இரண்டிலும் பொதுவாக நடுவில் நிற்கும் குரலும் தாளமும் மறைந்துவிடும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. எஸ்1 ப்ரோவில் மூன்றாவது தடத்தின் 3.5 மி.மீ. துளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

ஐபேடின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹெட்போன் துளை 2018-இல் ப்ரோவிலிருந்தும், 2020-இல் ஏரிலிருந்தும், 2021-இல் மினியிலிருந்தும், 2022-இல் அடிப்படை ஐபேடிலிருந்தும் நீங்கிவிட்டது. எனவே யுஎஸ்பி-சியிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் சிறு வயரையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருப்பது ஒரே துளை என்பதால் சார்ஜும் ஒலியும் ஒருங்கே வேண்டுமானால் ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வேண்டும். அப்போது ஸ்பீக்கரும் சுவர் மின்சாரத்தில் இருந்தால் மெல்லிய ரீங்காரம் கிளம்பக்கூடும். இரண்டில் ஒன்றைப் பேட்டரிக்கு மாற்றினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். பேட்டரி ஆம்புக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தீர்ப்பைக் கேட்டால், எழுதி, பதிந்து, கலவை செய்வதே முக்கியம் என்பவருக்கு ஐலவுட் மைக்ரோ மானிட்டர். பிறரோடு சேர்ந்து வாசிப்பதே முக்கியம் என்பவருக்கு டிஎச்ஆர்10 போன்ற முழு அலைவரிசை பேட்டரி ஆம்ப். ஏற்கெனவே வீட்டில் ஆக்ஸ் துளையுள்ள புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் அதை வயரில் போட்டு ஓர் ஆண்டு வாசித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். துளையில்லாத ஒன்றுதான் இருக்கிறது என்றால், வாசிக்கும்போது ஐபேடின் சொந்த ஸ்பீக்கரே மேல். ப்ரோவில் 2015 முதல் நான்கு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, தாமதம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. குரலைப் பதியும்போது மட்டும் எந்த ஸ்பீக்கரும் வேண்டாம், வயர் ஹெட்போன்தான். இல்லாவிட்டால் மைக் ஸ்பீக்கரைக் கேட்டுக் கூவத் தொடங்கும்.

கடைக்குப் போகும்போது ஐபேடையும் வயரையும் கையோடு கொண்டுபோவது நல்லது. முதலில் வேகமாகத் தட்டும் ஒரு தாள வாத்தியத்தை வாசித்துத் தாமதத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பேஸில் ஒரு சுரத்தை எடுத்து அரைச் சுரமாகக் கீழே இறக்கிக்கொண்டே போய் எங்கே ஒலி மெலிந்து மறைகிறது என்று கவனிக்க வேண்டும். அதையே ஒலியளவைக் குறைத்தும் கூட்டியும் இருமுறை செய்ய வேண்டும். கடைசியாக ஒரு சுரத்தை வாசித்துவிட்டு இரண்டு நிமிடம் விற்பனையாளரிடம் எதையாவது பேசிக்கொண்டிருந்து, மறுபடி அதே சுரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கம் அறுபடாமல் வந்தால் பில் போடச் சொல்லலாம்.