ஐரோப்பிய ரஷ்யா சுவர் வரைபடம்: நூல் வைத்து அளந்த ஒரு கலகம்

புவியியல் வகுப்புக்காக வாங்கினேன். ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர். உக்ரைனும் அதே தாளில் வருகிறது. ஆறுகளின் நீலம் அழுத்தமாக இருக்கிறது, கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது.

வந்த அன்றே தெற்கு ரஷ்ய நகரமான ரஸ்தோவில் ஒரு நூல்முனையை வைத்து, எம்-4 சாலையின் வளைவோடு மாஸ்கோ வரை இழுத்தேன். சுமார் 43 சென்டிமீட்டர். 2023 ஜூன் 24 அதிகாலை ரஸ்தோவின் தென் ராணுவ மாவட்டத் தலைமையகத்தைப் பிடித்தார் வாக்னர் என்ற தனியார் படையின் தலைவர் பிரிகோஷின். அன்று மாலையே, அவர் படை மாஸ்கோவுக்கு 200 கிலோமீட்டர் வரை வந்துவிட்ட நிலையில், திரும்புவதாக அறிவித்தார். நூலில் மிச்சம் 8 சென்டிமீட்டர். "இவ்வளவு கிட்ட வந்துட்டு ஏன் டீச்சர் திரும்பினாரு?" என்று பிள்ளைகள் கேட்காத வருஷம் இல்லை.

அந்த 8 சென்டிமீட்டரைப் பார்த்தால் விடை கிடைக்காது என்றுதான் சொல்வேன். அவர் கிளம்பியதே ஆட்சியைப் பிடிக்க அல்ல. எல்லாத் தன்னார்வப் படைகளும் ஜூலை 1-க்குள் தன்னோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டிருந்தது. அப்படிப் போட்டால் வாக்னர் அவர் கைவிட்டுப் போகும். அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஷோய்குவும் ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமோவும் தன் முன்னால் வர வேண்டும் என்று கேட்டார். புதின் தன் பக்கம் சாய்வார் என்று நம்பியிருப்பார் என்பது என் கணிப்பு. காலையில் புதின் தொலைக்காட்சியில் "முதுகில் குத்து" என்றதும் பேரம் பேச எதிரே ஆளில்லை. பிரிகோஷினோடு நெருக்கமாக இருந்த ஜெனரல் சுரோவிகினே முந்தைய இரவிலேயே வீடியோவில் வந்து, திரும்பிப் போகச் சொன்னார். ரஸ்தோவில் ஜனங்கள் கைதட்டினார்கள், உண்மைதான். ஆனால் ஒரு ராணுவப் படைப்பிரிவுகூடச் சேரவில்லை. வழியில் வாக்னர் படை ராணுவ ஹெலிகாப்டர்களையும் ஒரு இல்-22 விமானத்தையும் சுட்டு வீழ்த்திய பிறகு, சேர நினைத்தவர்களும் தயங்கியிருப்பார்கள். பணமும் அரசுடையதே: 2022 மே முதல் ஓராண்டில் வாக்னருக்கு 8,600 கோடி ரூபிள் கொடுத்ததாகப் புதின் பிறகு சொன்னார். சோறு போடுகிற கையை எதிர்த்து எத்தனை நாள் நிற்க முடியும்? கடைசியில் பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோவின் சமரசம்தான் அவருக்கு வழிவிட்டது.

குறைகளும் உண்டு. ராணுவ மாவட்ட எல்லைகள் இதில் இல்லை. ரஸ்தோவ் உக்ரைன் போரை நடத்திய தலைமையகம் என்பதை நாம்தான் வாயால் சொல்ல வேண்டும். லிபெட்ஸ்க் சரியாக மடிப்பில் விழுகிறது. படை வராமலிருக்கச் சாலையைத் தோண்டிப்போட்ட இடம் அது, தெளிவாகக் காட்ட முடியாமல் மனசு சங்கடப்படுகிறது. கலகம் நடந்து இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று பிரிகோஷினின் விமானம் விழுந்த குழெங்கினோவும் இல்லை. சின்னக் கிராமம், குற்றம் சொல்லக் கூடாது. த்வேர் பகுதியில் நானே ஒரு புள்ளி வைத்தேன். லேமினேஷனில் பென்சில் பிடிக்காது, மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.