நாஸ் பெட்டியில் இடம் தீர்ந்தால்: இன்னொரு டிஸ்க்கா, பெரிய டிஸ்க்கா?

வீட்டு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும், காலியாக இருக்கும் ட்ரேயில் ஒரு டிஸ்க்கைச் செருகினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பல வீடுகளில் அதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு.

நான்கு டிஸ்க் கொள்ளும் சினாலஜி நிறுவனப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் எஸ்எச்ஆர் என்ற சினாலஜியின் சொந்த ரெய்டு முறையில் ஓடுகின்றன (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கி, ஒன்று பழுதானாலும் தரவைக் காப்பதுதான் இங்கே ரெய்டு). ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருப்பதால் நமக்குக் கிடைப்பது 4 டெராபைட். அதை 8 ஆக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு 4 டெராபைட் டிஸ்க்கைச் சேர்த்தால் 8 கிடைக்கும். 'வாங்குவதை வாங்குகிறோம், பெரிதாகவே வாங்குவோம்' என்று 8 டெராபைட் டிஸ்க்கைச் சேர்த்தாலும் கிடைப்பது அதே 8தான்! ஒரு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் எஸ்எச்ஆரில், இருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் கூட்டி, அவற்றில் மிகப் பெரியதைக் கழித்தால் வருவதே பயன்படும் இடம். நான்கும் நான்கும் எட்டும் பதினாறு; அதில் எட்டு போனால் எட்டு. புதிய டிஸ்க்கின் பாதி, துணை இல்லாமல் சும்மா கிடக்கும். நான்காவதாக இன்னொரு 8 வரும்போதுதான் அந்தப் பாதிக்கு வேலை வருகிறது: மொத்தம் 16. சாதாரண ரெய்டு 5 என்றால் எல்லாவற்றையும் 4 ஆகவே எண்ணும். அதே நான்கு டிஸ்க்குகளுக்கு 12தான் தரும். ஆகவே நான்காவது டிஸ்க் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் மூன்றாவதைப் பெரிதாக வாங்குங்கள். இல்லையென்றால் 4 போதும்.

எதிர்த்தரப்பில் நிற்பது, இரண்டு பழைய டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டு இரண்டு 8 டெராபைட் டிஸ்க்குகளைப் போடுவது. இதற்கும் கிடைப்பது 8தான். செலவோ பல மடங்கு. ஆனாலும் பணம் இடம் கொடுத்தால் என் ஓட்டு இதற்கே. முதலாவதாக, பழைய டிஸ்க்குகள் இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு ஓடியவை. மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்தால் இருக்கும் தரவு முழுவதையும் மூன்றுக்கும் பரப்பி எழுத வேண்டும். நாள்கணக்கில் நீளக்கூடிய அந்த வேலையில் கிழடு தட்டிய டிஸ்க்குகளைத்தான் ஓட ஓட விரட்டுகிறோம். மாற்றும்போது அவற்றுக்கு வேலை குறைவு, படித்துக் கொடுத்தால் போதும். இரண்டாவதாக, விடுபட்ட இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளும் தனி பேக்கப்புக்கு உதவும். ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கல்யாணப் படம் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தேதான் அழியும். மூன்றுக்குப் பதில் இரண்டே டிஸ்க் ஓடுவதால் மின்சாரக் கணக்கும் உண்டு: ஓயாமல் சுழலும் டிஸ்க் சுமார் 5 வாட் இழுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட்.

மாற்றும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால், நகல் முடியும்வரை தரவு ஒற்றை டிஸ்க்கை நம்பி நிற்கும். காலி ட்ரே இருந்தால் அந்த ஆபத்து தேவையில்லை. சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மில், 7ஆம் பதிப்பு முதல், புதிய டிஸ்க்கைக் காலி இடத்தில் வைத்து, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. காலி ட்ரேயின் சிறந்த பயன் இதுதான் என்பேன்.

வேறு மென்பொருள் என்றால் கணக்கும் வேறு. அன்ரெய்டு என்ற நாஸ் மென்பொருளில் எந்த அளவு டிஸ்க்கையும் சேர்க்கலாம், பாரிட்டி டிஸ்க்கைவிடப் (பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கை வைத்திருப்பது) பெரிதாக இருக்கக் கூடாது, அவ்வளவே. எழுதும் வேகம் மந்தம். படங்களைச் சேமித்து வைக்கும் வீட்டுக்கு அது பெரிய குறையில்லை. இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு சேமிப்பு மென்பொருள், டிஸ்க்கைச் சேர்க்கும் விஷயத்தில் பல காலம் பிடிவாதமாக இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில்தான், ரெய்டு-இசட் என்ற அதன் ரெய்டு தொகுப்பில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கும் வசதி கிடைத்தது. அதிலும் பழைய கோப்புகள் பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும். மறுபடி எழுதினால்தான் முழு ஆதாயம்.

சினாலஜியின் டிஎக்ஸ்517 போன்ற துணைப் பெட்டியை ஒரு கேபிளில் மாட்டி ஐந்து டிஸ்க் கூட்டுவது, நான்கு ட்ரேயும் பெரிய டிஸ்க்குகளால் நிறைந்த பிறகு யோசிக்க வேண்டியது. அப்போதும் அதைத் தனித் தொகுப்பாகவே வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே தொகுப்பை விரித்துவிட்டால், கேபிள் தளர்ந்த அன்று மொத்தமும் படுத்துவிடும்.

எந்த வழியானாலும் பணம் கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து எழுதும் அந்த வகை, இடைவிடாமல் எழுத வேண்டிய மறுகட்டமைப்பின்போது தவழும். அதன் பின்னரே, தடங்களை அப்படிப் படியவைக்காத சிஎம்ஆர் டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று பிரித்து விற்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் 'எல்லாம் நாஸ் டிஸ்க்தான் சார்' என்றால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா பார்த்த பிறகு வாங்குங்கள்.