பில்லிங் சாஃப்ட்வேருக்கு "ஆட்டோ அப்டேட்" என்று ஏ.எம்.சி. விற்கிறார்களா? உஷார்! என் 41,300 ரூபாய் போச்சு

மூன்று வருட ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) போடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 35,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 41,300 ரூபாய், மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

எங்களுடையது மொத்த மருந்து வியாபாரம். விற்றது உள்ளூர் டீலர் ஒருவர், பெயர் வேண்டாம். "அண்ணே, 22ஆம் தேதி வரி மாறுது, நீங்க எதையும் தொட வேண்டாம். அப்டேட் வந்தா முதல்ல எங்க ஆபீஸ்ல ஓட்டிப் பார்த்துட்டுதான் உங்களுக்கு விடுவோம். ஞாயித்துக்கிழமை சிஸ்டத்தை ஆஃப் பண்ணாம வையுங்க, போதும்" என்று டீயைக் குடித்துக்கொண்டே செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். மருந்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் 5 ஆகிறது, ஆயிரக்கணக்கான ஐட்டம், கையால் மாற்றி முடியுமா? "ஓட்டிப் பார்த்துட்டுதான்" என்றாரே, அதற்காகத்தான் பணமே கொடுத்தேன்.

2025 செப்டம்பர் 22, திங்கள் காலை. இரண்டு கவுன்டரில் புது வெர்ஷன், சர்வரிலும் மூன்றாவது கவுன்டரிலும் பழசு. முதலில் திறந்த கவுன்டர் டேட்டாவைப் புது வடிவத்துக்கு மாற்ற ஆரம்பித்து 60 சதவீதத்தில் நின்றது, அப்புறம் எந்த சிஸ்டத்திலும் திறக்கவில்லை. மெடிக்கல் ஷாப் பையன்கள் வாசலில் வண்டியை ஆஃப் செய்யாமல் நிற்கிறார்கள், நாங்கள் உள்ளே கார்பன் வைத்து பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பேக்கப்பா? அதையும் அவர்கள் ஆள்தான் செட் செய்தான், அதே சர்வரில், டி டிரைவில், ஒரே ஃபைல். பாதி மாறிய டேட்டா அதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

போன் போட்டால் "டிக்கெட் போடுங்க சார்". டிக்கெட் போட்டால் "உங்க ஆன்டிவைரஸ் தடுத்திருக்கும்". அடுத்து, விண்டோஸ் 10 பழசாம். ஒருத்தன் இன்னும் மேலே போய், "போன வருஷம் கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேர் அப்டேட்ல உலகம் முழுக்க 85 லட்சம் கம்ப்யூட்டர் நின்னுச்சே, படிக்கலையா சார்?" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். கடைசியில் டீலர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: அப்டேட் ஏ.எம்.சி.யில் வரும், டேட்டா ரிப்பேர் வராது, அதற்குத் தனி சார்ஜ், ரீஃபண்ட் கிடையாது. அப்போ எதுக்குய்யா 41,300?

ஜிஎஸ்டிஆர்-1க்காக (மாத விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) ஆடிட்டரிடம் கொடுத்திருந்த ஆகஸ்ட் காப்பி மட்டும்தான் பிழைத்தது.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சர்வரில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். ஒரு கவுன்டரில் டேட்டா காப்பி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, கடை மூடியபின் சர்வருக்கும் மற்றவற்றுக்கும் ஒரே நேரத்தில் போடுங்கள். பேக்கப்பை வெளி டிஸ்கில் தேதி போட்டு வையுங்கள், வேறு சிஸ்டத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டி வந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் மூன்று வருடத்துக்குக் கட்டாதீர்கள். அவ்வளவுதான், செப்டம்பர் பில் முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டும், ஜிஎஸ்டிஆர்-1க்கு அக்டோபர் 11 கடைசித் தேதி.