ஆறு ஆண்டு மருந்துச் சுழற்சி: முட்டைக்கோஸ் வயலின் தெளிப்புக் குறிப்பேட்டிலிருந்து

முட்டைக்கோஸிலும் காலிஃபிளவரிலும் வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த, செயல்படும் விதத்தில் வேறுபட்ட பூச்சிக்கொல்லிகளைச் சுழற்சி முறையில் தெளிக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒரு பருவத்து விளைவை மட்டும் வைத்து இம்முறையை எடைபோட முடியாது என்பதால்தான் இத்தனை காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் நான் சுழற்சி செய்வதாகவே நம்பியிருந்தேன். ஒரு வாரம் சைபர்மெத்ரின், அடுத்த வாரம் டெல்டாமெத்ரின், அதற்கடுத்து லாம்ப்டா சைஹாலோத்ரின் என்று மாற்றி மாற்றி அடித்தேன். புட்டி மாறியது, பெயர் மாறியது, அந்துப்பூச்சியின் புழு மட்டும் சாகவில்லை. அளவைக் கூட்டினேன், இடைவெளியைக் குறைத்தேன், நிலைமை இன்னும் மோசமானது. மூன்றும் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை, மூன்றும் புழுவின் நரம்பில் செய்தி கடத்த உதவும் சோடியம் வாயிலையே தாக்குகின்றன, அந்த வாயிலின் அமைப்பு மரபிலேயே சற்று மாறிவிட்ட புழுவுக்கு மூன்றும் ஒன்றுதான் என்பது பிறகுதான் விளங்கியது. அளவைக் கூட்டியதால் எளிதில் சாகக்கூடிய புழுக்களை முழுமையாக ஒழித்து, தாங்கக்கூடியவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விதையாக விட்டிருக்கிறேன். மருந்து புழுவைப் பழக்கிவிட்டது என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் எந்தத் தனிப் புழுவும் பழகுவதில்லை. தாங்கும் மரபணு உள்ள ஒன்றிரண்டு புழுக்கள் தெளிப்புக்கு முன்பே கூட்டத்தில் இருக்கின்றன. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளிக்கும்போது அவையே பெருகுகின்றன.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது குழு எண். 1984இல் தொடங்கப்பட்ட ஐராக் (IRAC) என்னும், பூச்சிகளின் மருந்து எதிர்ப்பைக் கையாளும் பன்னாட்டுச் செயற்குழு, ஒவ்வொரு பூச்சிக்கொல்லியும் பூச்சியின் உடலில் எதைத் தாக்குகிறது என்பதைப் பொறுத்து எண் கொடுத்திருக்கிறது. பைரித்ராய்டுகள் 3ஏ, ஸ்பைனோசாட் 5, எமாமெக்டின் பென்சோயேட் 6, பிடி எனப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து 11ஏ, இண்டாக்ஸாகார்ப் 22ஏ, குளோரான்ட்ரானிலிப்ரோலும் ஃபுளூபென்டியமைடும் 28. இன்று எந்தப் புட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்த எண்ணைத்தான் தேடுகிறேன். புட்டியில் ஒட்டியுள்ள சிட்டையில் எண் அச்சிடப்படாத மருந்தானால், வணிகப் பெயரை விட்டுவிட்டு வேதிப்பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டறிந்து, அழியாத மையால் மூடியின் மேல் எழுதி வைத்துவிடுவேன்.

இரண்டாவது திருத்தம் கால அளவில் வந்தது. தெளிப்புக்குத் தெளிப்பு எண்ணை மாற்றினால் போதும் என்று முதலாம் ஆண்டு நினைத்திருந்தேன். வெப்பமான பருவத்தில் இந்த அந்துப்பூச்சியின் ஒரு தலைமுறை இரண்டு முதல் மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஒரே தலைமுறையின் மீது வாரத்துக்கு ஒரு குழுவாக மூன்று குழுக்களைத் தெளித்துவிட்டு, அவற்றையே அடுத்த தலைமுறையின் மீதும் தெளித்தால், ஒவ்வொரு தலைமுறையும் மூன்று மருந்துகளையும் சந்தித்துவிடும். எந்தக் குழுவுக்கும் ஓய்வே கிடைக்காது. ஆகவே இப்போது பயிர்க்காலத்தை ஏறத்தாழ மூன்று வாரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒரு கட்டத்தில் ஒரு குழு மட்டும், தேவைப்பட்டால் சிட்டை அனுமதிக்கும் அளவுக்குள் இரண்டு முறை தெளிக்கலாம். அந்தக் கட்டம் முடிந்ததும், குறைந்தது அடுத்த ஒரு முழுத் தலைமுறையாவது அந்தக் குழுவைத் தொடுவதில்லை.

திட்டம் தாளில் சரியாக இருந்தும் இரண்டாம் ஆண்டில் சறுக்கினேன். வெளியிலிருந்து வாங்கிய நாற்றுகளுக்கு நாற்றங்காலிலேயே சயான்ட்ரானிலிப்ரோல் ஊற்றியிருந்தார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நடவுக்குப் பின் முதல் கட்டத்தில் குளோரான்ட்ரானிலிப்ரோலும், பிறகு ஒரு கட்டம் தள்ளி, குளோரான்ட்ரானிலிப்ரோலும் லாம்ப்டா சைஹாலோத்ரினும் கலந்து வந்த கூட்டு மருந்தும் தெளித்தேன். குறிப்பேட்டில் மூன்றும் வெவ்வேறு பெயர்களில் இருந்தன. எண்ணைப் போட்டுப் பார்த்தபோது 28, 28, 28 என்று வரிசையாக நின்றது. அன்றிலிருந்து நாற்றைக் கையில் வாங்கும் முன் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்பதும், கூட்டு மருந்தானால் இரண்டு எண்களையும் எழுதுவதும் கட்டாயமாகிவிட்டன. என் பார்வையில், சுழற்சியைக் கெடுப்பதில் கூட்டு மருந்துகளுக்கு நிகர் வேறில்லை. ஒரே தெளிப்பில் இரண்டு குழுக்களைச் செலவழித்துவிடுகின்றன. அவற்றில் ஒன்று ஏற்கெனவே பலனிழந்ததாக இருந்தால், மற்றொன்றே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பூச்சியிடம் ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்பவர்கள் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். டிடிடியை எதிர்த்து நின்ற முதல் பயிர்ப்பூச்சியாக 1953இல் ஜாவாவிலிருந்து பதிவானது இதுவே. பிடி தெளிப்பை வயலிலேயே எதிர்த்து நின்றதாக 1990இல் ஹவாயிலிருந்து அறிவிக்கப்பட்டதும் இதுவே. 28ஆம் குழு சந்தைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் அது பலனிழக்கத் தொடங்கியது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. பைரித்ராய்டு அடித்த சற்று நேரத்தில் புழு துடித்து விழுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 28ஆம் குழுவும் எமாமெக்டினும் முதலில் தோல்வியாகவே தெரிந்தன. மறுநாள் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் புழு அப்படியே இருக்கும். ஆனால் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள புழு பின்பக்கமாகத் துள்ளி நெளிந்து, நூலிழையில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். மருந்து ஏறிய புழுவோ உடல் சுருங்கி அங்கேயே கிடக்கும். இலையின் மேல்தோலை மட்டும் விட்டுச் சுரண்டித் தின்ற கண்ணாடித் திட்டுகள் புதிதாகத் தோன்றியிருக்காது. சாவு இரண்டு முதல் நான்கு நாட்களில் வரும், தின்பது சில மணி நேரத்திலேயே நின்றுவிடும். இது தெரியாமல் மூன்றாம் நாளே வேறு மருந்தை எடுத்துத் தெளித்த தவற்றை முதலாம் ஆண்டில் இருமுறை செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன் எளிய இலைச் சோதனை ஒன்றைச் செய்துகொள்கிறேன். மருந்து படாத செடியிலிருந்து இலைத்துண்டுகள் வெட்டி, சிட்டையிலுள்ள அளவில் கரைத்த மருந்தில் கையுறையோடு பத்து வினாடி முக்கி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள டப்பாக்களில் நடுத்தர வளர்ச்சிப் புழுக்களை விட வேண்டும். ஒரு டப்பாவில் ஒட்டும் திரவம் கலந்த வெறும் நீரில் முக்கிய இலை இருக்க வேண்டும். அங்கேயே புழுக்கள் நிறைய இறந்துபோனால் சோதனையைத் தள்ளிவிட்டு மீண்டும் செய்ய வேண்டும். நிதானமாகக் கொல்லும் குழுக்களுக்கு நான்கு நாள் வரை காத்திருக்கிறேன். ஆய்வுக்கூடத் துல்லியம் இதில் கிடையாது. இருந்தாலும், மருந்து பலனிழந்ததா, தெளிப்பானின் முனையான நாசில் தேய்ந்ததா, மெழுகு படர்ந்த இலையில் கரைசல் ஒட்டாமல் உருண்டோடியதா என்று பிரித்தறிய இது பெரிதும் உதவியிருக்கிறது. தோல்வி என்று நினைத்த தெளிப்புகளில் சில, நாசிலை மாற்றியதும் சரியாகிவிட்டன.

சுழற்சியால் முடியாததையும் சொல்ல வேண்டும். பூச்சியின் உடலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகியிருந்தால் குழு எண் மட்டும் காப்பாற்றாது. வெள்ளை ஈயில் ஒரே நொதி இமிடாகுளோபிரிட்டையும் பைமெட்ரோசினையும் சிதைக்கிறது. முன்னது 4ஏ, பின்னது 9பி. அடுத்த வயலில் எந்நேரமும் ஒரே குழு தெளிக்கப்பட்டால், அங்கிருந்து பறந்து வரும் அந்துப்பூச்சிகள் என் குறிப்பேட்டைப் பார்த்து நடப்பதில்லை. நான்காம் ஆண்டில் சுற்றியுள்ளவர்களிடம் பேசி ஒரே நாட்காட்டிப்படி கட்டங்களை வகுத்த பிறகே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. அறுவடை முடிந்தவுடன் தண்டுகளை உழுது புதைத்து, சில வாரங்கள் கோஸ் இனப் பயிரே இல்லாமல் விடுவதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும். தெளிப்புகளின் எண்ணிக்கை குறைந்ததில் முக்கியப் பங்கு பிடிக்கு உண்டு. அதை இரண்டாம் கட்டத்தில் வைத்ததால் ஒட்டுண்ணிக் குளவிகள் தப்பிப் பிழைத்தன, இலையடியில் அவற்றின் சிறு வெண்கூடுகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். கூடுகள் நிறைய இருக்கும் வாரத்தில், புழுக்களும் குறைவாக இருந்தால், தெளிப்பைத் தள்ளிப் போடுகிறேன்.

இந்தப் பருவத்துக்கு முன், ஆறு ஆண்டுகளில் கூட்டு மருந்தில் ஒருமுறை தவிர வேறெப்போதும் தொடாத 3ஏ குழுவை, ஓய்வில் அதன் பலன் திரும்பியிருக்குமோ என்ற ஆசையில் இலைச் சோதனைக்கு எடுத்தேன். இருபது புழுக்களில் பதினொன்று நான்காம் நாளும் தின்றுகொண்டிருந்தன. மற்ற ஐந்து குழுக்களின் டப்பாக்களில் ஒன்றிரண்டுக்கு மேல் மிஞ்சவில்லை. 3ஏ இவ்வாண்டும் என் அட்டவணையில் இல்லை.