பிள்ளையை மனநல வார்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னால் போகாதீர்கள்

18 வயது நிரம்பாத பிள்ளையை மனநலச் சிகிச்சைக்காக எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும், அப்பாவோ அம்மாவோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, சேர்த்த நேரத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் வரை கூடவே இருக்க வேண்டும். மருத்துவமனை மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை இல்லை இது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 87 இதைச் சொல்கிறது. "எந்தச் சூழ்நிலையிலும்" என்றே அதில் இருக்கிறது. எங்களைக் கூட இருக்க விடாமல் வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு நடந்ததை என் மகள் முழுதாகப் படித்துப் பார்த்து "போடும்மா" என்று சொன்ன பிறகே இங்கே பதிவிடுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. கோவைப் பக்கம் உள்ள தனியார் மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு. கொஞ்ச மாதமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி, "எனக்கு இருக்கவே பிடிக்கலம்மா" என்றாள். விடிந்ததும் அழைத்துக்கொண்டு போனோம். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்குத் தனிப் பிரிவு என்று வாசலில் பெரிய பலகை. அதை நம்பித்தான் போனோம்.

முதலில் கவுன்சிலிங் அறை. எல்லா செஷனுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால்தான் அறிக்கை தருவோம் என்றார்கள், கட்டினோம். வந்த அறிக்கையில் என் மகள் பல இடங்களில் "அவன்" ஆகியிருந்தாள். படிக்கிற வகுப்பும் வேறு. வேறு ஏதோ பிள்ளையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு "டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்றார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டேன். கடைசிவரை தரவில்லை.

டாக்டர் பார்த்தது சில நிமிடங்கள்தான். கேட்ட கேள்வி எல்லாம் என்னிடம். போன் பார்க்கிறாளா, படிக்கிறாளா, எதிர்த்துப் பேசுகிறாளா. அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எம்.டி. சைக்கியாட்ரி படித்தவர் பிள்ளைகளைப் பார்ப்பதில் தப்பே இல்லை. குழந்தை மனநலத்துக்கென்று தனியாக டி.எம். என்ற மேற்படிப்பு படித்தவர்கள் நம் நாட்டில் குறைவு. ஆனால் இந்த வயசுப் பிள்ளையிடம் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசாத டாக்டரால் அவளுக்கு என்னவென்று எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? "அட்மிட் பண்ணிடுங்க, ரெண்டு வாரத்துல சரியாயிடுவா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஒரு டாக்டரின் கையெழுத்து போதாது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் கூட இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ, தனித்தனியாகப் பரிசோதித்து, சேர்த்தே ஆக வேண்டும் என்று இருவருமே முடிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி சிகிச்சை தர வழியில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மகளை இரண்டாவதாக யாருமே பார்க்கவில்லை.

மேலே கூட்டிப்போனால், பலகையில் இருந்த பிள்ளைகள் பிரிவு அங்கே இல்லவே இல்லை. பெரியவர்களின் வார்டு அது. என் மகளுக்குக் கொடுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு நடுவயது அம்மாவின் இரண்டு கையையும் துணியால் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளைப் பெரியவர்களோடு வைக்கவே கூடாது என்பதும் அதே பிரிவு 87தான். நான் தயங்கி நின்றதைப் பார்த்து நர்ஸ், "அம்மா, நீங்க இருந்தா பாப்பா உங்களையே சாக்கா வெச்சுக்கும். கெளம்புங்க, சாயந்திரம் விசிட்டிங் டைம்ல வாங்க" என்றார். என் கணவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ரூல்ஸ் என்றார்கள். எந்த ரூல்ஸ் என்று காட்டச் சொன்னதற்குச் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள்.

சாயந்திரம் போனபோது அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகி இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. நாக்கு குழறுகிறது, பேச்சு வரவில்லை, கண்ணீர் மட்டும் வழிகிறது. நான் போட்ட சத்தத்துக்கு வந்த நர்ஸ், "அட்டென்ஷனுக்காக நடிக்கிறா, மதியத்துலிருந்தே இப்படித்தான்" என்றார். மதியத்திலிருந்தே!

அது நடிப்பு இல்லை. ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளுக்கு வரக்கூடிய பக்கவிளைவு. சின்ன வயசுக்காரர்களுக்கு அதிகம் வரும். டிஸ்டோனியா என்று பெயர். மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மனநல வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. கீழே அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் ஓடிவந்து, பார்த்தவுடனேயே புரிந்துகொண்டு ஊசி போட்டார். அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது. அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும். அவர் வராமலிருந்தால் ராத்திரி முழுக்க என் பிள்ளை அப்படியே கிடந்திருப்பாள். காலையில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், அதற்காகத்தான் கழுத்தைத் திருகவைத்த அந்த முதல் ஊசியாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைக்குத் தரும் சிகிச்சைக்கு, என்ன ஏது என்று விளக்கிச் சொல்லி எங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்றோம். டாக்டர் கையெழுத்து இல்லாமல் விட மாட்டோம், கட்டிய பணமும் திரும்பாது என்றார்கள். என் நாத்தனார் மகன் சட்டம் படிக்கிறான். அவன்தான் போனில் அந்தச் சட்டத்தின் பக்கங்களை அனுப்பிவைத்தான். இனி இங்கே வைத்திருக்க வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டும். அதைக் காட்டிய பிறகு பேச்சு மாறியது. ஒன்று சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்தான மனநிலையில் இருக்கும் பிள்ளையை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். நாங்கள் அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம்.

பக்கத்துக் கட்டில் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவரைக் கட்டிவைப்பதற்கும் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, அவசியமான நேரம் மட்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது, ஆள் பற்றாக்குறைக்காகவும் கட்டக்கூடாது. தனியறையில் பூட்டிவைப்பது முழுவதுமாகவே தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்த மாநிலம் இது. நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

குடும்பம் கூட இருந்தால் சிகிச்சை கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் கூடவே தங்குவதுதான் வழக்கம்.

கேஸ் ஷீட் நகல் கேட்டோம். "சைக்கியாட்ரி ரெக்கார்ட் வெளிய தர்றதில்லை" என்றார்கள். பிரிவு 25 அந்த உரிமையைத் தருகிறது. என்ன ஊசி போட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்ததே மருந்துக்கடை பில்லிலிருந்துதான். எவ்வளவு கசங்கிய பில்லாக இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். மனநலத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று சொல்லி ரொக்கமாக வாங்கியதும் பொய்தான். உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது பிரிவு 21.

அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் ஒரு பெண்மணி. கூட்டம் நிறைய, காத்திருந்தோம். எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளோடு மட்டும் நெடுநேரம் பேசினார். அவள் அங்கே சொன்னது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இது மனச்சோர்வு, இந்த வயதில் அது அழுகையாக வராமல் கோபமாகவும் வயிற்றுவலியாகவும் வரலாம் என்றார். மாத்திரை பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார், ஃப்ளுவாக்சடின். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்போ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ கூடுகிறதா என்று கூர்ந்து கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த வாரமே வாருங்கள் என்றார். தனியார் மருத்துவமனையில் இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இதில் ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை. இங்கே மாத்திரையும் இலவசம்.

இப்போது தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், வாரத்தில் பெரும்பாலான நாள் பள்ளிக்குப் போகிறாள். ஊசி என்றால் இன்னும் நடுங்குகிறாள். அதனால் எல்லாரும் மனநல டாக்டரிடமே போகாதீர்கள் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பிள்ளையை மீட்டுத் தந்தவரும் மனநல டாக்டர்தான். எங்கே போவதென்று தெரியாமல் ராத்திரியில் தவிப்பவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சேர்க்கும் முன் அந்த மருத்துவமனை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்று சான்றிதழைப் பாருங்கள். பிள்ளையைச் சேர்த்தால் 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தார்களா என்று கேளுங்கள். நாங்கள் பிரிவு 28ன்படி வாரியத்துக்கும் ஆணையத்துக்கும் பில், பிழையான அறிக்கை, அன்றைக்குக் கழுத்து திருகியிருந்தபோது எடுத்த வீடியோ எல்லாம் வைத்து எழுதியிருக்கிறோம். அதே வார்டில் பிள்ளையைச் சேர்த்து இதே போல அனுபவப்பட்டவர்கள் இதைப் படித்தால் தனிச்செய்தியில் வாருங்கள். நாங்கள் எழுதிய மனுவின் நகலைத் தருகிறேன், உங்கள் பெயரில் நீங்களும் எழுதலாம்.