கார் கண்ணாடி துடைக்க எது நல்லது: பழைய செய்தித்தாளா, மைக்ரோஃபைபர் துணியா?

செய்தித்தாள் கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்கும் என்பது உண்மைதான், பஞ்சு ஒட்டாது, செலவும் இல்லை. ஆனால் நனைந்ததும் கிழிந்து கூழாகிவிடும், மை கையிலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலும் ஒட்டும். என் ஓட்டு மைக்ரோஃபைபருக்குத்தான்.

உட்பக்கம் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும், டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி வெளிவிடும் ஆவியால் வருவது அது, இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறிக் கண் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணம். காகிதம் அதைப் பரப்பி மட்டும் விடும். இரண்டு துணி எடுங்கள், ஒன்றில் கிளீனர் தெளித்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொன்றால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே பக்கவாட்டிலும் வெளியே மேலிருந்து கீழாகவும் துடைத்தால், கோடு விழுந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அப்புறம் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மேல் விளிம்பையும் துடையுங்கள், அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

துணியைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், இழை உறிஞ்சும் திறனை இழந்துவிடும்.

எதை எடுத்தாலும் சரி, மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே தேயுங்கள். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த கிளீனர் கூடவே கூடாது.