சாப்பாட்டு மேசையில் ஒன்பது ஆண்டுகள் இருந்த வேதாகமம்

பிள்ளைகளோடு வீட்டில் வாசிப்பதற்கு எந்த வேதாகமத்தை வாங்கலாம் என்று கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் தோழி ஒருத்தி கேட்டாள். ஒன்பது ஆண்டுகளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக நாங்கள் வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு, அந்த வாரத்தில்தான் புதுக் கட்டுப் போட்டு வீடு திரும்பியிருந்தது. அதன் தாளிலும் அச்சிலும் எனக்குக் குறையில்லை.

என்னை விடாமல் வருத்துவது அதன் சொற்சேர்க்கை. ஆங்கில மொழிமூலம் படிக்கும் என் மகள், ஏழு வயதில் வேதாகமப் பாடல்களில் ஒன்றான 23ஆம் சங்கீதத்தைத் திறந்து, ‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்ற சொல்லை விரலால் மறைத்து மறைத்துத் துண்டுதுண்டாக வாசித்தாள். அடுத்து வந்த ‘தாழ்ச்சியடையேன்’ என்பதில் நின்றுவிட்டு, “அம்மா, அடைவேன் என்கிறதா, அடையமாட்டேன் என்கிறதா?” என்று கேட்டாள். 1995இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘எனக்கேதும் குறையில்லை’ என்று இருக்கிறது. பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தைகளைப் பேசச் சொல்கிறது வேதாகமத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 6ஆம் அதிகாரம். நானோ அவற்றைப் பேசவேண்டிய நேரத்தில் பதம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆயினும் 2022 மார்ச் மாத இறுதியில், இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டபோது, மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாமல் புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். மகள் அந்தச் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் தடையின்றிச் சொன்னாள். அப்போது எழுத்தே அறியாத சின்னவன், ‘தாழ்ச்சியடையேன்’, ‘பயப்படேன்’ என்ற சொற்கள் வந்த இடங்களில் அக்காவோடு குரல் சேர்த்தான். நான் யாரையும் மனனம் செய்யச் சொன்னதில்லை. அந்த இரவுக்காக இந்தப் புத்தகத்துக்கு நான் நன்றியுள்ளவளாயிருக்கிறேன்.

கட்டுப் போட்டவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு சங்கீதத்தையும் முதன்முதலாக வாசித்த தேதியை ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். கேளாமலே விளிம்பை வெட்டிச் சீராக்கியதில் பாதிக்குமேல் போய்விட்டன.

தோழியிடம் திருவிவிலியத்தையே வாங்கச் சொல்லிவிட்டேன். நாங்கள் ஞாயிறு ஆராதனையில் கேட்பது பழைய மொழிபெயர்ப்பு. வீட்டிலும் அதையே தொடர்கிறோம். வெட்டுப்பட்ட தேதிகளை மகளும் நானும் நினைவிலிருந்து மீண்டும் எழுதிவருகிறோம். 23ஆம் சங்கீதத்தின் தேதி மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.